ஐந்தாவது சீட்டு

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் அலுவலகத்தில் தருவதெல்லாம் மூன்றாம் நாளே மை கக்கும். அவசரமில்லை, நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள், ஐயா. அப்படியே செய்கிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். பேசிப் பேசியே தொண்டை வற்றிப்போகிற வேலை என்னுடையது.

ஆற்றுப் பாறைகளுக்கு இறங்கும் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக அதே கூண்டு. முன்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஓர் ஓட்டை. பக்கவாட்டில் ஒரு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் ஆற்றுப் படுகை முழுக்கத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் மேலே அணை இருக்கிறது. பகலெல்லாம் மதகுகளை மூடியே வைத்திருப்பார்கள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி மாதிரி தேங்கி நிற்கும். அதில் குளிக்கத்தான் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு மின்சாரம் எடுப்பதற்காக மதகைத் திறப்பார்கள். பன்னிரண்டே நிமிடத்தில் தண்ணீர் எங்கள் இடத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு அங்கே பாறைகள் இருந்தன என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதனால் நாலரைக்குள் எல்லோரையும் மேலே ஏற்றிவிட வேண்டும். சீட்டு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று கொடுப்பேன். திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைப் பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்டுவேன். பலகை நிறைந்துவிட்டால் படுகை காலி என்று அர்த்தம். உடனே அணைக்குத் தொலைபேசியில் சொல்வேன். அங்கே மதகைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நேரில் பார்த்துக்கொண்டது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். ஆனால் தினமும் பேசினோம். அவர் மனைவியின் முட்டிவலி எந்தக் காலில் என்பதுகூட எனக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே ஒரு சீட்டுதான், நுழைவுக் கட்டணம். ஆறாம் வருடம் சுற்றுச்சூழல் வரி வந்தது. அப்புறம் துப்புரவுக் கட்டணம். அதற்கும் அப்புறம் பாதுகாப்புக் கட்டணம். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே மூன்று மடங்கு. இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். பசை தடவி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். என் பங்கு அவ்வளவுதான். ஆனால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குத் தெரிகிற முகம் என்னுடையது மட்டும்தான்.

என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று எழுதினால் நீங்கள் கொடுத்த தாள் போதாது. இந்தக் காசில் எத்தனை மாடி கட்டியிருக்கிறாய் என்று கேட்பார்கள். நான் இருப்பது இரண்டறை வாடகை வீட்டில். மழை வந்தால் கட்டிலை நகர்த்துவோம். மூச்சு விடுவதற்கு வரி உண்டா என்று கேட்பார்கள். இந்த நகைச்சுவையை முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். வாரத்துக்கு நாற்பது பேர் அதையே கேட்டார்கள். ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரி கேட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் என்னைப் படம்பிடித்து, ‘பகல் கொள்ளைக்காரன்’ என்று தலைப்புப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினான். அதில் நான் கொட்டாவி விடுகிறேன். என் மகள் கல்லூரியில் எல்லோரும் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“அந்தப் பணத்துல நமக்கு ஏதாவது வருதா?”

“இல்லம்மா. சம்பளம் மட்டுந்தான்.”

“நானும் அப்படித்தான் சொன்னேன். யாரும் நம்பல.” கொஞ்சம் பொறுத்து, “நான் நம்பறேம்ப்பா” என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேநீர்க் கடைக்குப் பின்னால் வேலி கிழிந்து கிடந்தது. சரிசெய்யச் சொல்லி நான்கு கடிதம் போட்டேன். நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் அந்தக் கிழிசல் வழியாக நுழைந்து பாறைக்கு இறங்குவார்கள். காவலாளி வேலையை எடுத்துவிட்டதால் நான்தான் ஓடுவேன். கூண்டைப் பூட்டி, படியில் நின்று விசில் ஊதி, மேலே வரவழைப்பேன். வந்தவர்கள் கண்டபடி ஏசுவார்கள். காசுக்காக நாய் மாதிரி மோப்பம் பிடிக்கிறான் என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நானூறு ஐந்நூறு பேரையாவது அப்படி மேலே ஏற்றியிருப்பேன். ஒருத்தர்கூட நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கிற அந்தச் சம்பவம் நடந்த அன்று, மூன்றே முக்காலுக்கு அவர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், அவருடைய தங்கை, எட்டு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை. குழந்தை அவருடைய மகள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

“அத்தை, வரின்னா என்ன?”

“நாம இங்க வந்ததுக்குக் குடுக்கற காசுடா.”

“நாம வந்தா அவங்களுக்குக் கஷ்டமா?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்படி தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு எந்தத் தாளும் வந்ததில்லை.

அந்த மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஊருக்குள்ள நுழையறப்பவே தலைக்கு இவ்வளவுன்னு கட்டினோம். வண்டி நிறுத்தினதுக்குத் தனியா. தங்கற எடத்துல ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வேற வரி. இங்க வந்தா நாலு சீட்டா? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?”

“போர்டுல இருக்குங்க.”

அவர் தன் கைபேசியை ஓட்டைக்கு நேராகத் தூக்கினார். படம்பிடிக்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பினேன். இல்லை, எங்கள் துறையின் இணையப் பக்கத்தைக் காட்டினார். அதில் மூன்று கட்டணம்தான் போட்டிருந்தது.

“புதுசை இன்னும் ஏத்தலைங்க” என்றேன்.

“இந்த நாலாவது எதுக்குங்க?”

“சங்குக்கு. தண்ணி தொறக்கறதுக்கு முன்னாடி ஊதும்.”

சங்கு கெட்டுப்போய் அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. யாராவது கேட்டால் ஊதும் என்று சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு. உத்தரவுப்படி சொன்னேன்.

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு, “உங்களச் சொல்லிக் குத்தமில்ல சார். வாங்கற சம்பளத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்” என்றார்.

ஏச்சு எனக்குப் புதிதில்லை. ஏச்சு வாசலோடு போய்விடும். இந்தப் பாவம் என்கிற சொல் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து, என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று மனதில் இருந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

“வாங்க, வேற எங்கயாவது போலாம்” என்று தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். குழந்தை பாறைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டபடி போயிற்று. தேநீர்க் கடை வரை போனார்கள். அங்கே நின்று பேசினார்கள். பிறகு கடைக்குப் பின்னால் போனார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்து ஜன்னலில், படுகையில் மூன்று பேர் இறங்குவது தெரிந்தது. குழந்தையின் செருப்பை அத்தை கையில் வைத்திருந்தாள்.

விசில் எனக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே வருவார்கள். அவர் கோபப்படமாட்டார். மறுபடியும் அந்தப் பார்வையைப் பார்ப்பார். எனக்கு அலுப்பாக இருந்தது, ஐயா. இதற்கு இதைவிடப் பெரிய வார்த்தை என்னிடம் இல்லை. முதுகில், முழங்காலில், கண் இமையில் எல்லாம் அலுப்பு. கொஞ்ச நேரம் குளித்துவிட்டுத் தானாகப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் ஞாபகம்.

நாலேகாலுக்குப் படியில் இறங்கி நின்று, நேரமாயிற்று, மேலே வாருங்கள் என்று வழக்கம்போலக் கூப்பிட்டேன். எல்லோரும் ஏறி வந்தார்கள். அவர்கள் மூவர் மட்டும் பெரிய பாறை ஒன்றின் பின்னால் ஒதுங்கினார்கள். என் கண்ணில் படக்கூடாதென்று அப்படிச் செய்தார்கள். கட்டணம் கட்டாதவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். அவர்கள் ஒளிந்தது தண்ணீருக்குப் பயந்து இல்லை. சங்கு ஊதும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒளிந்தது எனக்குப் பயந்து.

நாலரைக்குப் பலகை நிறைந்தது. ஓர் ஆணிகூடக் காலியில்லை. நாலு ஐம்பதுக்கு அணைக்குப் பேசினேன். என்ன பேசினேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். கூண்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அங்கிருந்து படுகை தெரியாது. ஐந்து பன்னிரண்டுக்குத் தினமும் கேட்கிற இரைச்சல் கேட்டது. வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரைச்சலில் கேட்கவும் கேட்காது. பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மறுநாள் காலை எட்டு கிலோமீட்டர் கீழே அவரும் தங்கையும் கிடைத்தார்கள். குழந்தை கிடைக்கவில்லை.

விசாரணை வைத்தார்கள். பழைய கோப்பு உங்களிடம் இருக்கும். சங்கு கெட்டுப்போனதுதான் காரணம் என்று முடிவானது. மூன்று மாதமாக அதற்கு வாங்கிய கட்டணம் எங்கே போயிற்று என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். என் பலகையைப் படம்பிடித்தார்கள். எல்லா வில்லையும் சரியாக இருந்ததால் விதிப்படி வேலை செய்தவன் என்று என்னை எழுதினார்கள். சங்கு இல்லாமல் மதகைத் திறந்ததற்காக அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தொலைபேசியில் என்னிடம் இன்னொரு கேள்வியும் கேட்டதாக அவர் சொன்னார். அப்படி எதுவும் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். என்னிடம் நிறைந்த பலகை இருந்தது. அவரிடம் வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது. அவர் இப்போது ஏதோ கிடங்கில் மூட்டைகளுக்குக் காவல் இருக்கிறாராம். மூன்றாவது தடவையாக மனுப் போட்டிருக்கிறார். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவர் விடமாட்டார். பிடிவாதக்காரர்.

ஆனால் அவர் மனுவுக்குப் பயந்து நான் இதை எழுதவில்லை. மனசாட்சி உறுத்தியதென்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அதுவும் இல்லை. எல்லாம் அந்த ஐந்தாவது சீட்டால் வந்தது.

விசாரணை முடிந்த மறுமாதமே தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. மீட்புக் கட்டணம். பசை தடவி ஒட்டினேன். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் அதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்கிறார்கள். போன வருஷம் மூணு பேரத் தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு என்று நான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குத் தொண்ணூறு தடவை, நூறு தடவை சொல்கிறேன். சிலர் உச்சுக்கொட்டுவார்கள். சீட்டு வாங்காமல் போனால் அப்படித்தான் என்பார்கள். ஆமாம் என்பேன். ஒருத்தர், “அப்ப யாரும் பாக்கலையா?” என்று கேட்டார். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். இப்படியே ஏழு மாதம். நீங்களே சொல்லுங்கள், மனுஷன் எத்தனை தடவைதான் சொல்வான்.

போன மாதம் ஓர் அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். ஐந்து சீட்டுக்கும் உண்டான பணத்தைச் சரியாக எண்ணி ஓட்டைக்குள் வைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காதவர் வருவதே அபூர்வம் என்பதால் நிமிர்ந்து பார்த்தேன்.

“கொழந்தைக்கு எவ்வளவுங்க?”

“அஞ்சு வயசுக்குக் கீழ கட்டணம் இல்லம்மா.”

அவள் வில்லையை வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

“போன வருஷம் அந்த மூணு பேர் போனப்போ இங்க உக்காந்திருந்தவர் இருக்காருங்களா?”

“அவர் மாத்தலாகிப் போயிட்டாரும்மா.”

“எந்த ஊருக்குன்னு தெரியுங்களா? சண்டை போட வரலைங்க. அவங்க என் வீட்டுக்காரரும் நாத்தனாரும். கூட இருந்தது என் மூத்த பொண்ணு. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், இவனை வெச்சுக்கிட்டு ரூம்லயே படுத்துட்டேன். காலைல கடைத்தெருவுல அவளுக்கு அத்தை புதுச் சட்டை வாங்கிக் குடுத்திருக்கா. பில்லு பையில இருக்கு. என்ன நிறம்னு அதுல போடல. நான் பாக்கவே இல்ல. இப்ப கீழ ஆத்தோரமா ஏதோ துணி கெடச்சிருக்குன்னு கூப்பிட்டிருக்காங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. சீட்டுக் குடுத்தவர் பாத்திருப்பாரேன்னு வந்தேன்.”

அவர்கள் சீட்டே வாங்கவில்லை என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. இல்லை, சொல்லியும் அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லையோ என்னவோ.

“அவருக்கு ஞாபகம் இருக்காதும்மா. தெனம் எத்தனையோ பேர் வர்ற எடம்.”

“ஆமாங்க. அதுவும் சரிதான்” என்றாள்.

பின்னால் வரிசை நின்றது. அவள் ஒதுங்கிக்கொண்டாள். கீழே இறங்கவில்லை. படியின் தலைப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வில்லையைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த பணத்தைத் திரும்பத் தர விதி இல்லை. அவளும் கேட்கவில்லை.

மஞ்சள் சட்டை, ஐயா. மார்பில் மூன்று பெரிய வெள்ளைப் பொத்தான். நடுப் பொத்தானில் கடைக்காரன் கட்டிய விலைச்சீட்டின் நூல் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.

இனித் தொலைபேசி விஷயம். வழக்கமாக நாங்கள் பேசுவது இரண்டே வாக்கியம். எல்லாம் வந்துவிட்டதா என்பார். வந்துவிட்டது என்பேன். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது.

“எல்லா வில்லையும் வந்துட்டுதா தம்பி?”

“வந்துட்டுதுண்ணே.”

இத்தோடு வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை. “சங்கு வேற இல்ல. எனக்கு மனசே சரியில்ல. கண்ணால ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லேன்” என்றார். மனுவில் அவர் எழுதியிருப்பது சரி. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஆள் அரவம் அடங்கிவிட்டதால் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். குழந்தை உயரமான பாறையில் ஏறி நின்று என் ஜன்னலைப் பார்த்தது. அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டியது. நானும் ஆட்டினேன். ஒரு கையில் தொலைபேசி இருந்ததால் மற்றக் கையால் ஆட்டினேன்.

“பாத்துட்டேண்ணே. கீழ யாரும் இல்ல. தொறங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தொலைபேசியில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். கட்டணம் கட்டிய ஒருவரைப் பற்றியும் நான் அப்படிச் சொன்னதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.